கதவடியில் நான் தோற்ற வழக்கு

1

சென்ற ஆண்டு கொட்டாஞ்சேனை மண்டபத்தில் நான் தோற்றேன். விட்டுக்கொடுக்கவில்லை, தோற்றேன். இரண்டுக்கும் இடையே உள்ள தூரம் பெரிது. அந்தத் தூரத்தை அளந்து காட்டவே ஒஸ்லோவிலிருந்து இதை எழுதுகிறேன்.

அந்த வழக்காடு மன்றம் நடந்து இன்றோடு ஓராண்டு. காலையில் தேநீர் ஆறுவதற்குள் நவரத்தினம் அங்கிளின் குரற்பதிவு வந்து சேர்ந்தது. அவர் கொழும்பில் எங்கள் தமிழ் மன்றத்தின் செயலாளர். பள்ளி நாள்களிலிருந்து என்னை மேடையேற்றியவர்.

“பிள்ளை சங்கவி, குறை நினையாதையும். போன வருசத்துத் தீர்ப்பை நாங்கள் கணக்கிலை எடுக்க ஏலாது. நீர் தங்கச்சிக்காக விட்டுக் குடுத்தனீர் எண்டு கொழும்பிலை எல்லாருக்கும் தெரியும். நல்ல மனசு. நான் பிழை சொல்லேல்லை. ஆனா அதை வச்சுக்கொண்டு பள்ளிக்கூடப் பிள்ளையளுக்கு அந்தக் கேமைக் காட்ட ஏலாது. வாற ஞாயிறு கமிட்டியிலை முடிவெடுக்கிறம்.”

திறமையற்றவள் என்று சொல்லியிருந்தால் பொறுத்திருப்பேன். ‘நல்ல மனசு’ என்றதைப் பொறுக்க மாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை முடிவாகவிருப்பது இதுதான். என் சின்னம்மாவின் மகள் தர்ஷிகா, தன் இரு தோழியரோடு சேர்ந்து ‘கதவடி’ என்ற கதை விளையாட்டைக் கணினியில் உருவாக்கினாள். சென்ற ஆண்டு என் தோல்வியின் பயனாக அது மன்றத்தின் இளையோர் அரங்கில் வைக்கப்பட்டது. இவ்வாண்டு வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பள்ளி மாணவர் அனைவரும் அந்த அரங்குக்கு வரவிருக்கிறார்கள். அங்கே ‘கதவடி’க்கு இடமுண்டா, இல்லையா? மன்றம் கைவிட்டால் எந்தப் பள்ளி அதிபரும் அதைத் தொடமாட்டார். தர்ஷிகாவின் உழைப்பு அவளுடைய மேசையிலேயே முடங்கிவிடும். அதுவும் எதனால்? அக்கா பாசத்தால் தோற்றாள் என்ற ஒரு வதந்தியால்.

ஆகவே, மன்றத்தாரே, வாசகர்களே, என் தோல்வியின் மானத்தைக் காக்க எழுந்து நிற்கிறேன்.

2

இங்கே என் நாள் எளிமையானது. நகரின் கிழக்குப் புறத்தில் ஒரு நூலகக் கிளையில் வேலை செய்கிறேன். பிற்பகலானதும் பள்ளி விட்ட பிள்ளைகள் ஈர மேலங்கிகளோடு உள்ளே வந்து, நாவல்கள் இருக்கும் தட்டைக் கடந்து, அதன் பக்கத்திலேயே இருக்கும் விளையாட்டுத் தட்டின் முன்னால் நிற்பார்கள். ஆம், இந்த ஊர் நூலகங்களில் புத்தகங்களோடு கணினி விளையாட்டுகளும் இரவலாகக் கிடைக்கும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் சிறுவர் கதை நேரத்தைத் தொடக்கிவைக்கச் சொன்னார்கள். நானோ மேடையில் வளர்ந்தவள். அறிந்த நோர்வேஜிய மொழி முழுவதையும் திரட்டி, கம்பீரமாக, “பெருமதிப்பிற்குரிய அவையோரே!” என்று ஆரம்பித்தேன். முன்வரிசையில் இருந்த ஒரு குழந்தை, யாரோ பெரியவர்கள் வந்துவிட்டார்கள் என்றெண்ணித் திரும்பிப் பின்னால் பார்த்தது. கொழும்பில் கைதட்டல் வாங்கிய வாய் அன்று முதல் இங்கே அளந்து பேசுகிறது. அளந்து பேசுகிறதே தவிர, அடங்கிவிடவில்லை.

பின்னர் இளையோர் தட்டின் பொறுப்பு என்னிடம் வந்தது. ஒவ்வொரு விளையாட்டுக்கும் ஒரு சிறு அறிமுகம் எழுத வேண்டும். எழுதுவதற்கு விளையாடித்தான் ஆக வேண்டும். சுடுவதும் ஓடுவதுமாக இருக்கும் என்று நினைத்து உட்கார்ந்தேன். முதலாவது விளையாட்டில், வேலையிழந்த தகப்பன் அதை வீட்டாருக்கு மறைத்து, ஒவ்வொரு காலையும் சட்டை மடிப்புக் கலையாமல் புறப்பட்டுப் போகிறார். விளையாடுபவர் அவருடைய மகள். உண்மையைக் கண்டுபிடிப்பது எளிது. கண்டுபிடித்த பிறகு அப்பாவிடம் என்ன பேசுவது என்பதுதான் விளையாட்டு. இன்னொன்றில், இறந்துபோன தம்பியின் அறையை ஒழுங்குபடுத்த வேண்டும். எதை வைத்திருப்பது, எதைக் கொடுத்துவிடுவது? வெல்வதற்கு அங்கே ஒன்றுமே இல்லை. ஆயினும் பதின்மூன்று வயதுப் பிள்ளைகள் அதற்குப் பெயர் பதிந்து, முறை வரும்வரை காத்திருக்கிறார்கள்.

இதை ஏன் சொல்கிறேன்? நான் மேடையில் ஏறியபோது ஒன்றும் அறியாதவளாக ஏறவில்லை என்பதற்காகச் சொல்கிறேன். ‘விளையாட்டு என்றால் வீண்பொழுது’ என்ற மலிவான வாதத்தை நான் எடுக்கவே இல்லை. எதிரியின் பலத்தை அறிந்துகொண்டே வழக்கெடுத்தேன்.

3

என் முதல் மேடை எது தெரியுமா? பள்ளி மண்டபம் அல்ல. வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கையொன்றில், நாங்கள் வாடகைக்கு இருந்த மாடி வீட்டின் கதவடி.

அப்பா கட்டாரில். அம்மா யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர், சிங்களம் தெரியாது. அண்ணாவுக்குத் தெரியும். ஆனால் போர்க்காலத்தில் வீடு வீடாகச் சோதனைக்கு வருகிற பொலிஸாரின் முன்னால் பத்தொன்பது வயதுத் தமிழ்ப் பையன் போய் நிற்பது எப்படிப்பட்ட காரியம் என்று அந்த நாள்களில் கொழும்பில் இருந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மிஞ்சியது நான். கீழ்வீட்டுச் சிங்களப் பிள்ளைகளோடு விளையாடி மொழியைப் பிடித்துக்கொண்ட நான்காம் வகுப்புப் பெண்.

எங்கள் ஒழுங்கையில் பல வீடுகளில் இதுதான் வழக்கமாக இருந்தது. கதவு தட்டப்பட்டதும் பெரியவர்கள் ஓரடி பின்வாங்குவார்கள். சிங்களம் பேசும் பிள்ளை முன்னே அனுப்பப்படும். யாரும் அதைக் கொடுமை என்று எண்ணவில்லை. கடைக்குப் பாண் வாங்க அனுப்புவதைப் போல அனுப்பினார்கள்.

“கெதர கவுத இன்னே, நங்கி?” வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று சீருடையில் வந்தவர் கேட்பார்.

“அம்மய், அய்யய், மமய், சேர். அய்யா இஸ்கோலே யனவா.” அம்மா, அண்ணா, நான். அண்ணா பள்ளிக்கூடம் போகிறவர்.

நிமிர்ந்து நின்று, கண்ணைப் பார்த்து, சொற்களை விழுங்காமல் சொல்வேன். கொழும்பில் தமிழர் வைத்திருக்க வேண்டிய பொலிஸ் பதிவுத் துண்டை வலக்கையால் நீட்டுவேன். குரல் நடுங்கினால் சந்தேகம் வரும். வேகமாகப் பேசினாலும் வரும். பிற்காலத்தில் மேடைப்பேச்சுப் பயிற்சியில் எனக்குச் சொல்லித்தந்தவை அனைத்தையும் நான் ஏற்கெனவே அறிந்திருந்தேன். என் அண்ணாவை ஒருநாளும் அவர்கள் கொண்டுபோகவில்லை. அதில் எனக்குப் பெருமை இருந்தது. இன்றும் இருக்கிறது. அதை மறைக்கப் போவதில்லை.

4

சென்ற ஆண்டு விடுமுறையில் கொழும்பு வந்தபோது, மன்றத்தின் ஆண்டு விழாவில் வழக்காடு மன்றம் ஏற்பாடாகியிருந்தது. ‘எம் துயரை விளையாட்டுப் பொருளாக்கும் கணினி விளையாட்டுகள் குற்றவாளிகளே’ என்பது வழக்கு. பெயர் சொல்லாவிட்டாலும் குற்றவாளிக் கூண்டில் நின்றது தர்ஷிகாவின் ‘கதவடி’தான். அதை அரங்கில் வைக்கலாம் என்று சிலரும் கூடாது என்று பலரும் கமிட்டியில் முரண்பட்டதால், ‘மேடையிலேயே தீர்த்துக்கொள்வோம்’ என்று முடிவாகியிருந்தது. எந்தச் சிக்கலையும் பேச்சுப் போட்டியாக மாற்றிவிடுவது எங்கள் மக்களின் தனித்திறமை.

வெளிநாட்டிலிருந்து வரும் பேச்சாளருக்கு வழக்குத் தொடுநரின் ஆசனத்தை அளிப்பது மன்றத்தின் மரபு. முதலில் பேசும் உரிமையும் இறுதியில் பேசும் உரிமையும் அந்த ஆசனத்துக்கே உண்டு. எதிர்த்தரப்பில் பேச எந்தப் பேச்சாளரும் முன்வரவில்லை. எனவே பதினெட்டு வயதான தர்ஷிகாவே பேச வேண்டியதாயிற்று.

கொட்டாஞ்சேனையில் சின்னம்மா வீட்டுக்குப் போனேன். ஆசனத்தை மறுத்துவிடவா என்று அவளிடம் கேட்டேன்.

“ஏன் அக்கா, பயமோ?”

“எனக்கோ? உனக்காகத்தான் கேட்டனான்.”

“அப்ப இருங்கோ. வேறை ஆரும் வந்தா, கேம் விளையாடினாக் கண் பழுதாகும், பிள்ளை கெட்டுப்போகும் எண்டு கத்திப்போட்டுப் போவினம். அதுக்குப் பதில் சொல்லி எனக்கு என்ன பிரயோசனம்? நீங்கள் எண்டா உண்மையா அடிப்பீங்கள்.”

“அடிச்சா நோகும்.”

“நோகட்டும். எனக்காக வாயைக் கட்டினீங்கள் எண்டால் பிறகு என்னோடை கதைக்கவும் வேண்டாம்.”

இதைக் கவனித்துக்கொள்ளுங்கள், நவரத்தினம் அங்கிள். விட்டுக்கொடுக்கக் கூடாது என்பது அவள் எனக்கு விதித்த நிபந்தனை.

அன்று மாலையே அம்மாவின் வெள்ளவத்தை வீட்டில், இரவல் கணினியில், ‘கதவடி’யை விளையாடத் தொடங்கினேன். கதை எங்கள் குடும்பத்தில் தர்ஷிகா கேட்டு வளர்ந்த கதைகளிலிருந்து பிறந்தது. அவள் அந்தக் காலத்தில் கைக்குழந்தை. ஒழுங்கையில் ஒரு மாடி வீடு. விளையாடுபவர் பதினொரு வயதுச் சிறுமி. பாண் வாங்க வேண்டும். வீட்டுப்பாடம் செய்ய வேண்டும். கண்ணாடி முன் நின்று சிங்கள வசனங்களைச் சொல்லிப் பழக வேண்டும். அறைக்குள் அண்ணன் இருக்கிறான். விடிகாலையில் கதவு தட்டப்படுகிறது. திரையில் இரண்டு பொத்தான்கள் தோன்றுகின்றன. ஒன்று ‘திற’. மற்றையது ‘திறக்காதே’.

திறந்தேன். பழகிய வசனங்களைச் சரியாகச் சொன்னேன். அவர்கள் போய்விட்டார்கள். அன்று பள்ளியில் ஆசிரியை பெயர் கூப்பிடும்போது சிறுமியின் வாயிலிருந்து சத்தம் வரவில்லை. அங்கே விளையாட்டு முடிந்தது.

வழக்குக்காக அதை மீண்டும் மீண்டும் விளையாடினேன். வெவ்வேறு வசனங்களைச் சொல்லிப் பார்த்தேன். வேகமாகச் சொன்னேன், தயங்கிச் சொன்னேன். சொல் பிசகினால் கேள்விகள் கூடின, திருத்திச் சொன்னால் போய்விட்டார்கள். குறிப்புகள் எடுத்தேன். என் பெரிய குற்றச்சாட்டைக் கண்டுபிடித்துவிட்ட களிப்பில் அன்று நன்றாகச் சாப்பிட்டேன்.

5

மண்டபம் நிறைந்திருந்தது. அம்மா மூன்றாம் வரிசையில் இருந்தார். நடுவராக ஓய்வுபெற்ற சட்ட விரிவுரையாளர் ஒருவர் வீற்றிருந்தார். நான் எழுந்தேன்.

அன்று பேசியதன் உச்சப் பகுதியை இங்கே தருகிறேன். விட்டுக்கொடுக்க வந்தவளின் பேச்சா என்று நீங்களே தீர்ப்பளியுங்கள்.

“நடுவர் அவர்களே! துயரத்தைக் கதையாக்கலாம், கூத்தாக்கலாம், ஓவியமாக்கலாம். இளையோர்க்கு அதை விளையாட்டாகவும் ஆக்கலாம் என்பதை நான் மறுக்கவில்லை. நான் மறுப்பது ஒரு பொய்யை! இந்த விளையாட்டில் கதவு தட்டப்படும்போது, ‘திறக்காதே’ என்று ஒரு பொத்தான் தோன்றுகிறது. கேட்கிறேன்: வெள்ளவத்தையில் எந்த வீட்டில் அந்தப் பொத்தான் இருந்தது? கொட்டாஞ்சேனையில் எந்தத் தாயின் கைக்கு அது எட்டியது? எமக்குத் தெரிவு இருக்கவில்லை, நடுவர் அவர்களே! தெரிவில்லாமையே எம் துயரம். அந்தத் துயரத்துக்குள் ஒரு தெரிவைப் பொருத்தி, நாளைய பிள்ளைகளிடம் ‘உங்கள் பெற்றோர் திறக்காமலும் இருந்திருக்கலாம்’ என்று சொல்லிக்கொடுப்பது வரலாற்றின் மீது செய்யப்படும் மோசடி!”

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. நவரத்தினம் அங்கிள் பக்கத்திலிருந்தவரின் தோளில் தட்டிச் சிரித்தார். நான் அமர்ந்தேன்.

தர்ஷிகா எழுந்தாள். தாள் எதுவும் கையில் இல்லை. லப்டொப் இருந்தது.

“நான்... எனக்கு அக்கா மாதிரிப் பேச வராது. எனக்கு இதைக் காட்டோணும்.”

“இது வழக்காடு மன்றம் பிள்ளை, படம் காட்டுற இடமில்லை!” என்று நவரத்தினம் அங்கிள் இருந்த இடத்திலிருந்தே சொன்னார். மண்டபம் சிரித்தது.

நடுவர் கையுயர்த்தினார். “குற்றஞ்சாட்டப்பட்டவரை மன்றுக்கு அழைக்காமல் விசாரிப்பது எந்த ஊர் நீதி? கொண்டு வாரும் பிள்ளை.”

பின்சுவரில் திரை ஒளிர்ந்தது. ஒழுங்கை, மாடி வீடு, விடிகாலை. கதவு தட்டும் ஓசை மண்டபத்தின் ஒலிபெருக்கியில் கேட்டபோது சில தலைகள் தம்மையறியாமல் வாசலைத் திரும்பிப் பார்த்தன. இரண்டு பொத்தான்கள் தோன்றின.

“வழக்குத் தொடுநரிட்டை ஒரு கேள்வி,” என்றாள் தர்ஷிகா. “நீங்கள் ‘திறக்காதே’யை அமத்திப் பார்த்தனீங்களோ?”

நான் வாயைத் திறந்தேன். எத்தனை முறை விளையாடினேன்! எத்தனை விதமாகப் பேசிப் பார்த்தேன்! அந்தப் பொத்தானைக் குற்றஞ்சாட்டினேன். அதன் மேல் ஒரு பேச்சையே எழுப்பினேன். ஆனால் ஒரு தடவைகூட அதை அமத்தவில்லை. அமத்த வேண்டும் என்று தோன்றவே இல்லை. கதவு தட்டினால் திறப்பது என் வேலை. அதற்காக வளர்க்கப்பட்டவள் நான்.

“இல்லை,” என்றேன். மேடையில் பொய் சொல்லும் பழக்கம் எனக்கில்லை.

“அப்ப இப்ப அமத்துங்கோ.”

போய் அமத்தினேன். கதவு மறுபடி தட்டப்பட்டது. மறுபடி அமத்தினேன். தட்டல் பலமாயிற்று. அதன் பிறகு, திரையில், சமையலறையிலிருந்து அம்மா வந்தாள். சிறுமியின் தோளைப் பிடித்து மெல்ல ஒருபுறம் ஒதுக்கினாள். தானே கதவைத் திறந்தாள்.

வெளியே நிற்பவர்கள் கேட்கிறார்கள். சிங்களம் தெரியாத அம்மா அடையாள அட்டையை நீட்டுகிறாள். வேறொன்று கேட்கிறார்கள். அதே அட்டையை மறுபடி நீட்டுகிறாள். மூன்றாவது கேள்விக்கும் அட்டைதான். அவளுடைய முதுகு மட்டுமே எமக்குத் தெரிகிறது. அப்போது திரையில் பொத்தான் எதுவும் இல்லை. விளையாடுபவர் செய்யக்கூடியது ஒன்றுமே இல்லை. அவர்கள் அவளைத் தாண்டி உள்ளே வருகிறார்கள். பிறகு கதவடியில் அண்ணனின் செருப்பு மட்டும் கிடக்கிறது.

தர்ஷிகா ஒலிவாங்கியின் அருகே வந்தாள். “கதவு திறபடுறதை நிப்பாட்டுற பட்டன் இதிலை இல்லை. அக்கா சொன்னது சரி. அது ஒருத்தர் வீட்டிலையும் இருக்கேல்லை. ஆர் திறக்கிறது எண்டதுதான் இருந்தது. பிள்ளையோ, அம்மாவோ? அதைத்தான் கேக்கிறன். அதை நான் எழுதிக் காட்டினா வாசிச்சுப்போட்டுப் பாவம் எண்டு சொல்லுவீங்கள். நீங்களே அமத்தினாத்தான்... உங்கட கையாலை நடந்தாத்தான்...” அவள் ஒலிவாங்கியை விட்டு விலகினாள். போய் அமர்ந்துவிட்டாள்.

இறுதியுரைக்கு நடுவர் என்னை அழைத்தார். இந்த இடத்தில்தான் வதந்தி பிறந்தது. நான் எழுந்து, “வழக்குத் தொடுநர் தரப்பில் மேலதிகமாகச் சொல்வதற்கு ஒன்றுமில்லை” என்று சொல்லி அமர்ந்தேன். இதைத்தான் பாசம் என்கிறீர்கள்! என் வாதத்தின் அத்திவாரம் கண்முன்னே இடிந்துவிட்டது. மேலும் பேசியிருக்கலாம். குரலை உயர்த்தியிருக்கலாம். கைதட்டலும் கிடைத்திருக்கும், ஒருவேளை பொன்னாடையும் கிடைத்திருக்கும். பதிலில்லாதபோது குரலை உயர்த்துவதற்குப் பெயர் சொற்பொழிவு அல்ல, இரைச்சல். அந்த வித்தியாசத்தை எனக்குக் கற்றுத்தந்தது இதே மன்றந்தான். கற்றுத்தந்தவர்களே மறந்துவிட்டார்கள் போலும்.

குற்றவாளி அல்ல என்று நடுவர் தீர்ப்பளித்தார்.

6

ஓட்டோவில் வெள்ளவத்தைக்குத் திரும்பினோம். காலிமுகத்திடலைத் தாண்டும்வரை அம்மா கடலையே பார்த்துக்கொண்டு வந்தார்.

“அவ மாதிரி நான் ஒருநாளும் வந்து உன்னை விலத்திவிட்டு நிக்கேல்லை,” என்றார் திடீரென்று.

“எவ மாதிரி?”

“அந்தக் கேமிலை வந்த தாய்.”

“நீங்கள் நிண்டிருந்தால் அண்ணாவைக் கொண்டுபோயிருப்பாங்கள் அம்மா. பிறகு நானும் பேச்சாளர் ஆகியிருக்க மாட்டன்.”

“பகிடி விடாதை.”

“பகிடி இல்லை. உண்மை.”

“உண்மைதான்,” என்றார். “எண்டாலும் நிக்கேல்லை.”

பம்பலப்பிட்டிச் சந்தியில் ஓட்டோ நெரிசலில் மாட்டிக்கொண்டது. அம்மா கைப்பையிலிருந்து டொஃபி ஒன்றை எடுத்து என் கையில் வைத்தார். சோதனைக்காரர்கள் போன பின்பு அந்நாள்களில் எனக்குத் தந்த அதே வகை டொஃபியா என்று நான் கேட்கவில்லை. அதை அப்படியே வாயில் போட்டுக்கொண்டேன்.

7

அண்ணாவும் ஒஸ்லோவில்தான் இருக்கிறார். அவருடைய மகள் ஆரணிக்கு இப்போது பதினொரு வயது. நாம் தமிழில் கேட்டால் அவள் நோர்வேஜிய மொழியில் பதில் சொல்வாள். நான் தமிழ்ப் பள்ளி ஆண்டு விழாவில் பேசும்போது முன்வரிசையில் இருந்து சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டுவாள். எங்களிடமிருந்து விலகிப் போகிறாள் என்று அண்ணி கவலைப்படுவார்.

நான் வந்த புதிதில் வதிவிட அனுமதிக்காக ஒரு அலுவலகத்துக்குச் செல்ல வேண்டியிருந்தது. என் மொழி அப்போது போதவில்லை. அண்ணாவுக்கு வேலை. ஆரணியைக் கூட்டிக்கொண்டு போனேன். சாளரத்தின் முன் அவளை நிறுத்தி, “சொல்லு பிள்ளை, மாமி இன்னும் ரெண்டு வருசம் நிக்கக் கேக்கிறா எண்டு சொல்லு” என்றேன். உள்ளிருந்த பெண் எழுந்து நின்று, மெதுவாக, எனக்கு விளங்கும்படி சொன்னாள்: பிள்ளையை மொழிபெயர்க்க வைக்க இங்கே அனுமதியில்லை; சட்டம் அப்படி; மொழிபெயர்ப்பாளர் தருகிறோம்; வேறொரு நாள் வாருங்கள்.

எனக்குக் கோபம் வந்தது. ஒரு பயணம் வீண். அதைவிடப் பெரிய கோபம் ஒன்றும் இருந்தது. அதன் பெயர் அப்போது தெரியவில்லை. எனக்கு ஏன் அப்படியொரு சட்டம் இருக்கவில்லை?

கொழும்பிலிருந்து திரும்பியதும் ‘கதவடி’யை ஆரணிக்குக் காட்டினேன். தமிழ் விளையாட்டு என்றதும் முகத்தைச் சுளித்தாள். ஆயினும் உட்கார்ந்தாள். பாண் வாங்கினாள். சிங்கள வசனங்களைச் சொல்லிப் பழகும் இடத்தில் சிரித்தாள். கதவு தட்டப்பட்டது. ஒரு கணமும் யோசிக்காமல் ‘திறக்காதே’யை அமத்தினாள்.

“ஏன் திறக்கேல்லை?” என்றேன்.

“ஏன் நான் திறக்கிற? நான் பிள்ளைதானே,” என்றாள், வழக்கம்போல நோர்வேஜிய மொழியில்.

எங்கள் ஒழுங்கையில் எந்தப் பிள்ளைக்கும் வாய்க்காத ஒரு வசனத்தை, கால்களை ஆட்டிக்கொண்டே சொல்கிறாள்! விலகிப் போகிறாள் என்றல்லவா சொன்னோம். போகட்டும். இந்த வசனம் இருக்கும் இடத்துக்குத்தான் போகிறாள் என்றால் நன்றாகப் போகட்டும்.

திரையில் அம்மா வந்தாள், ஒதுக்கினாள், திறந்தாள், அட்டையை நீட்டினாள். ஆரணியின் கால்கள் நின்றன. செருப்பு மட்டும் கிடந்த காட்சியில், “அண்ணா எங்கை?” என்றாள். தமிழில் கேட்டாள். பதிலுக்குக் காத்திராமல் ஆரம்பத்திலிருந்து மறுபடி தொடங்கினாள். இந்த முறை சிங்கள வசனத்தை உதடசைத்துப் பழகினாள். கதவைத் தானே திறந்தாள். வந்தவர்கள் அண்ணனைத் தொடாமல் திரும்பிப் போனார்கள்.

பிறகு சமையலறையில் மீன் வெட்டிக்கொண்டிருந்த தகப்பனிடம் போய், “அப்பா, நீங்களோ அந்த அண்ணா?” என்று கேட்டாள். அண்ணா என்னைப் பார்த்தார். கத்தியை வைத்துவிட்டுக் கையைக் கழுவினார். தன் மகளிடம் அதுவரை சொல்லாததை அன்று சொல்லத் தொடங்கினார். எத்தனை மேடைகளில் நான் ‘இளைய தலைமுறைக்கு எடுத்துச் சொல்வோம்’ என்று முழங்கியிருக்கிறேன்! ஒரு பிள்ளையாவது வீட்டுக்குப் போய் இப்படியொரு கேள்வி கேட்டதாக நான் அறியேன்.

8

இனி, என் பக்கத்து வாதம். ஆம், எனக்கு இன்னும் வாதம் உண்டு. விட்டுக்கொடுத்தவளுக்கு இருக்குமா?

ஆரணி மறுபடி தொடங்கினாளே, அந்த இடத்தில்தான் நான் ஓராண்டாக நின்றுகொண்டிருக்கிறேன். முதல் முறை அண்ணன் போனான். இரண்டாம் முறை அவள் நன்றாகப் பேசியதால் தப்பினான். என் அண்ணன் தப்பிய வீட்டில் அது ஆறுதல். ஆனால் எங்கள் ஒழுங்கையில் அண்ணன் திரும்பி வராத வீடுகளும் இருந்தன. அந்த வீடுகளிலும் கதவடிக்கு அனுப்பப்பட்ட பிள்ளைகள் இருந்தார்கள். அவர்களில் ஒருத்தி, இன்று வளர்ந்து, தன் மகளோடு அரங்குக்கு வந்து இதை விளையாடினால் என்ன அறிந்துகொள்வாள்? ‘நீ இன்னும் சரியாகப் பேசியிருந்தால் அவன் இருந்திருப்பான்’ என்றல்லவா இந்த விளையாட்டு அவளுக்குச் சொல்லும்? நான் நன்றாகப் பேசியதால் என் அண்ணன் தப்பினான் என்று நானும் இத்தனை காலம் நம்பியிருக்கிறேனே, அந்த நம்பிக்கையின் மறுபக்கம் எவ்வளவு கொடியது!

இதுதான் என் புதிய குற்றச்சாட்டு. ‘துயரத்தை விளையாட்டாக்கலாமா’ என்ற பழைய கேள்வியை நான் குப்பையில் போட்டுவிட்டேன். ஒரு நாவலை எடைபோடுவதைப் போல, ஒரு நாடகத்தோடு சண்டை பிடிப்பதைப் போல, ஒரு விளையாட்டோடும் சண்டை பிடிக்க வேண்டும் என்கிறேன். அதுதான் அதற்குச் செய்யும் மரியாதை. மறைத்து வைப்பது மரியாதை அல்ல, அச்சம்.

இன்று காலை, செயலாளரின் குரற்பதிவைக் கேட்டதும், தர்ஷிகாவை அழைத்து இந்தக் குற்றச்சாட்டை அவளிடம் சொன்னேன். மேடையில் திடீரென்று வீசி வெல்ல நான் விரும்பவில்லை. மறுமுனையில், தெருவில் மீன்காரரின் குரல் கேட்டது.

“அக்கா, அதுக்கு என்னட்டை இப்ப பதில் இல்லை.”

“தெரியும்.”

“மேடையிலை கேட்டீங்கள் எண்டா நான் தோத்துப்போவன்.”

“கேட்கத்தான் போறன்.”

“கேளுங்கோ. கேட்க வேண்டாம் எண்டு நான் சொன்னனானோ? அந்தப் பிள்ளைக்கு என்ன சொல்லுறது எண்டு நான் யோசிக்கேல்லை. யோசிச்சிருக்கோணும். ஆனா ஒண்டு. நான் தோக்கேக்கை பள்ளிக்கூடப் பிள்ளையள் மண்டபத்துக்குள்ளை இருக்கோணும். அவையளும் விளையாடிப்போட்டு இருக்கோணும். அவையளிலை ஆருக்கும் பதில் தெரிஞ்சிருக்கும்.”

மன்றத்தாரே! பத்தொன்பது வயதுப் பெண்ணொருத்தி, ஊரறியத் தோற்பதற்குத் தயாராக நிற்கிறாள். அந்தத் தோல்வியைப் பார்ப்பதற்குப் பிள்ளைகளை அழைக்கிறாள். நீங்களோ, அவள் வென்றதைக்கூட ஒப்புக்கொள்ள மனமின்றி, அக்காவின் பாசத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டுக் கதவை மூடப் பார்க்கிறீர்கள்.

விமானச் சீட்டு எடுத்துவிட்டேன். வழக்குத் தொடுநரின் ஆசனம் இவ்வாண்டும் எனக்கே உரியது. மரபு உங்களுடையது, மறுக்க முடியாது. நவரத்தினம் அங்கிள், ஞாயிறு கூடும் கமிட்டியிடம் சொல்லுங்கள்: மண்டபத்தைப் பிள்ளைகளால் நிரப்புங்கள். என் தங்கையைத் தோற்கடிக்க நான் வருகிறேன்.